ரிப்போட்டு சரி, மாத்திரை நிற்காது

இந்த முறை இரத்தப் பரிசோதனை ரிப்போட்டில் எல்லாம் சரி. நுவரெலியா கிளினிக்கில் டொக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டியதும் நான் எழுந்தே விட்டேன்.

"அப்ப தைரொயிட் மாத்திரைய நிப்பாட்டிரலாங்களா?"

"மாத்திரை எடுக்கிறதாலதான் சரியா இருக்கு. உங்க சுரப்பி தானா வேலை செய்யல. சிலருக்கு நிப்பாட்டிப் பார்க்கலாம், உங்களுக்கு அது சரிவராது. நீங்களா நிப்பாட்டிராதீங்க."

"எதுவரைக்குங்க?"

"எடுத்துக்கிட்டே இருங்க."

லிந்துலைக்குத் திரும்பும் பஸ்ஸில் வெளியே மழை, உள்ளே மூடிய கண்ணாடி, எனக்குள்ளே பொருமல். குணமாகிவிட்டேன், ஆனால் குணமாகவில்லை. இது என்ன நியாயம்? தேயிலைக்கு நடுவே வாழ்கிறேன். விடிந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தேத்தண்ணி மணக்கும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான் மட்டும் அரை மணி நேரமாவது வாயைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே என் வீட்டுக்காரர் உறிஞ்சுவார். வேண்டுமென்றே சத்தமாக.

வீட்டுக்கு வந்ததும் அவர் ரிப்போட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு புள்ள? பொறவு எதுக்கு மாத்திர? காய்ச்சல் விட்ட பொறவும் காய்ச்சல் மருந்து குடிப்பியா?"

நானும் டொக்டரிடம் ஏறக்குறைய இதைத்தான் கேட்டேன். ஆனால் வீட்டுக்காரர் வாயால் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முந்திய மாதங்கள் அவருக்கு மறந்துவிட்டன. வெயிலிலும் விறைத்துக் கிடந்த விரல்கள், தடித்துப்போன குரல், கொதிக்கும் சோற்றின் முன்னாலேயே சொக்கிவிழுந்த கண்கள். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன், அடுத்த படி மலையாகத் தெரியும்.

"அப்ப சோம்பேறின்னீங்க. இப்ப சொகமாயிட்டேங்குறீங்க. நடுவுல நான் எப்பதாங்க சீக்காளியா இருந்தேன்?"

"ஆத்தாடி! கழுத்துக்கு மருந்து குடுத்த டொக்டரு வாய்க்குக் குடுக்கலியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தினால் அந்தக் குளிர் மறுபடி எலும்புக்குள் வந்து குடியேறும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் எரிச்சல். தெரியாதவளாக இருந்தால் நாளைக் காலையே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு முதல் ஆளாகத் தேத்தண்ணி குடிப்பேன்.

அவர் ரிப்போட்டை மடித்து நீட்டினார்.

"அப்ப நாளைக்கும் முழுங்கத்தான் போற?"

"நாளைக்கும்."

"வார வருசமும்?"

"முழுங்குவேங்க. அத சிரிச்சுக்கிட்டே முழுங்குன்னு மட்டும் சொல்லாதீங்க."