தாளின் மறுபக்கம்

சாமிதுரையை எங்கள் ஆபீஸில் 'டிரேசர்' என்பார்கள். யாரோ போட்ட கட்டடப் படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோட்டின் மேல் கோடு இழுக்கிற வேலை. அரியலூரில் அந்தக் கான்ட்ராக்டர் ஆபீஸில் அடுத்த மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் சென்னையில் ஐந்து வருடம் படித்த ஆர்க்கிடெக்ட் என்று தெரியவே இரண்டு வருடம் ஆயிற்று. மனுஷன் வாயைத் திறந்தால்தானே! ஒரு மழை நாளில், கரண்ட் போயிருந்தபோது, அவரே சொன்னார்.

சிறுவாச்சூர் பக்கம் கூலிக் குடும்பம். அந்தப் படிப்பின் பெயர் ஊரார் வாயில் நுழையவில்லை. "ஏன் இருசம்மா, கொத்தனாரு வேலைக்கா அஞ்சு வருசம் படிச்சான் ஒம் மவன்?" என்று அவர் அம்மாவிடம் கேட்டுச் சிரித்தார்களாம். ஒரே ஒரு வீடு கட்டிக் காட்டிவிட்டால் அந்த வாய்கள் அடைபடும் என்று எழுபத்தெட்டில் பெரம்பலூரில் போர்டு மாட்டினார். ஒரு வருடம் ஈ ஓட்டிய பிறகு, எறையூர்க் கரும்பு விவசாயி வீரமுத்து வந்தார். வடக்குப் பார்த்த வீடு.

படம் முடிந்த மறுநாளே கடைக்கால் போட முகூர்த்தம். நகல் எடுக்கத் திருச்சிக்குத்தான் போக வேண்டும், நேரமில்லை. அம்மாவுக்கு அங்கே கண் ஆபரேஷன் வேறு. படம் வரைந்த மெல்லிய தாளையே சுருட்டிக் கொத்தனார் பூமாலையிடம் கொடுத்தார். "எழுத்து தெரியுமா?" என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் கூனிக் குறுகி நின்றவர் அவருடைய அப்பா.

அம்மாவோடு திருச்சி போனவர் பத்து நாள் கழித்துத் திரும்பியபோது சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. தென்கிழக்கில் வர வேண்டிய அடுப்பங்கரை தென்மேற்கில், கன்னி மூலையில் நின்றது. அந்தத் தாளில் கோடு இரண்டு பக்கமும் தெரியும்; மறுபக்கத்தில் எழுத்தும் படமும் இடவலம் மாறியிருக்கும். எழுத்து தெரியாத பூமாலை மறுபக்கத்தைப் பார்த்துக் கட்டியிருந்தார்.

"அக்கினி மூலை அடுப்பு இங்க எப்புடிய்யா வந்துச்சு?" என்று வீரமுத்து கத்தினார்.

"படிச்சவரு போட்டது, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சிட்டேங்க," என்றார் பூமாலை.

பூமாலைக்கு எழுத்து தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரே கூடி நின்றது. சாமிதுரை சொல்லவில்லை.

"தப்பு எம்மேலதாங்க," என்றார்.

சுவரை இடித்தார்கள். 'வூடு கட்டத் தெரியாத ஆர்க்கிடெக்ட்' என்ற பெயர் அவருக்கு முன்னால் பஸ் ஏறி எல்லா ஊருக்கும் போய்விட்டது. அதன்பின் ஒருவரும் வரவில்லை. போர்டைக் கழற்றினார். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதுவும் வாய் திறக்காத அவர்மேல்தான்.

எண்பத்தேழில் பூமாலை எங்கள் ஆபீஸுக்கே வந்தார். தலை வெளுத்திருந்தது.

"அன்னிக்கு நானே சொல்லியிருக்கணும் சார். பொழப்பு போயிடும்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப சொந்தமா ஒரு வூடு கட்டப் போறேங்க. நீங்கதான் படம் போட்டுத் தரணும்."

 போடுங்கள் சார் என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சாமிதுரை தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

"எனக்கு வூடு கட்டத் தெரியாதுங்க," என்றார்.

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஊர் சொன்னதை அவர் எப்போதோ நம்பிவிட்டிருந்தார்.