ரெண்டு வண்டி, ஒரே நம்பர்

பழைய சைக்கிள் ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பரைப் பார்த்து அது எந்த வருஷத்து வண்டி என்று சொல்வது என் தொழில். எனக்கே புரியாததை அடுத்தவருக்குப் புரியவைப்பது என்றும் சொல்லலாம். விம்கோ நகரில் கடை. இதே நம்பர்களோடு மண்டையை உடைத்துக்கொள்ளும் சகோதரர்களே, வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

படகு பெயிண்ட்

குப்பத்து தாமு அண்ணன் கடலுக்குப் போகிறவர். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வருஷா வருஷம் சைக்கிளுக்கும் பூசிவிடுவார். உப்புக் காற்றில் துருப்பிடிக்கக் கூடாதாம். நீலம், பச்சை, மறுபடி நீலம் என்று அரை நாள் சுரண்டினேன். சீட்டுக்குக் கீழே 2417 என்று தெரிந்தது. நாலு இலக்கம் என்றால் என் நோட்டுக் கணக்குப்படி ஐம்பதுகளில் வந்த வண்டி. பெருமையாகச் சொன்னேன்.

"வருசம் கெடக்கட்டும் மாமு, சொரண்டுன எடத்துல யாரு பெயிண்டு அடிக்கிறது?"

அதே நம்பர்

மறு வாரம் அரிசிக்கடை அண்ணாச்சி தன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சீட்டுக்குக் கீழே பார்த்தால் 2417! கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அதே 2417. தலை சுற்றியது. ஒரே நம்பரில் எந்தக் கம்பெனி ரெண்டு வண்டி விடும்? வாய் சும்மா இருந்ததா? "தாமு அண்ணன்கிட்டயும் இதே நம்பர்தான், ரெண்டுல ஒண்ணு திருட்டு வண்டி" என்று உளறிவிட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நான் துட்டு குடுத்து வாங்குன வண்டி தம்பி, திருட்டு வண்டி எவன்கிட்ட இருக்கோ அங்க போயி கேளு!"

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்

சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்க தாமு அண்ணன் சைக்கிள் திருடன். அவர் பொண்ணுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நிச்சயம், மாப்பிள்ளை வீடு ராயபுரம். சேதி அங்கே போனால் கதை கந்தல். அண்ணன் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"திருடன்னு சொல்லிட்டாங்களே மாமு, என் பொண்ணு மூஞ்சிய எப்டி பாப்பேன்?"

எண்ணூர் ஏழுமலை

யாரிடம் வாங்கினீர்கள் என்று ரெண்டு பேரையும் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். எண்ணூர் ஏழுமலை, ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஓடினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஃபாக்டரி ஸ்டாண்டில் எல்லாமே ஒரே மாதிரி கறுப்பு வண்டி; மாறிப்போகாமல் இருக்க ஆளாளுக்கு ஃபாக்டரியில் தனக்குக் கொடுத்த டோக்கன் நம்பரை பஞ்ச் வைத்து அடித்துக்கொள்வார்களாம். பழைய வண்டியை தாமு அண்ணனுக்கு விற்றிருக்கிறார். அடுத்து வாங்கியதிலும் அதே நம்பரை அடித்து, பிறகு அதை அண்ணாச்சிக்கு விற்றிருக்கிறார். கம்பெனி நம்பர் பெடல் அச்சுக்கு அடியில் கிரீஸுக்குள் தனியாகக் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் எத்தனை பேர் டோக்கனைப் பார்த்து வருஷம் சொன்னேனோ, முருகா!

"அது வண்டி பொறந்த வருசம் இல்ல நைனா, நான் வேலைக்கு சேந்த நம்பரு."

சம்பந்தி வீடு

ஏழுமலையையும் இழுத்துக்கொண்டு ராயபுரம் போய், மாப்பிள்ளையின் அப்பாவிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தாமு அண்ணன் திருடன் இல்லை, நான்தான் முட்டாள் என்றேன். அவர் திருதிருவென்று முழித்தார். அவர்களுக்கு இந்த விஷயமே தெரியாது! நானாகப் போய்ச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். சட்டென்று எழுந்து உள்ளே போனார். நிச்சயம் போச்சு, அண்ணன் குடும்பத்தைக் கெடுத்தாச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனவர் ஒரு பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நாங்க எடுக்கறது பொண்ண, சைக்கிள இல்ல, அத்த வுடு, இதுலயும் ஒரு நம்பர் கீது, இன்னா வருசம்னு பாத்து சொல்லு நைனா."

அன்றிலிருந்து யார் எந்த நம்பரைக் காட்டினாலும் "நல்ல வண்டி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.