மூன்று கிளிக் இடது

என் கணவருக்குக் கடைத்தெருவில் ‘நேர்கோடு’ என்று பெயர். வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறார். வண்டியை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டி, திரையில் சிவப்பாகத் தெரிகிற எண்களெல்லாம் பச்சையாகும் வரை போல்ட்டைத் திருகுவது தொழில். யார் வந்தாலும் ‘வாங்க’ என்றுகூடச் சொல்ல மாட்டார். முதல் பேச்சே “எந்தப் பக்கம் இழுக்குது?” என்பதுதான். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது என்னையும் அப்படிக் கேட்காமல் விட்டாரே என்று நான் கேலி செய்வதுண்டு.

நான்கு வருஷமாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வண்டி வந்தால் பேசாமல் மேடையில் ஏற்றிவிடுகிறார்.

இவருக்கு ஒரே தம்பி. எங்கள் தலைக்கு மேலே, பன்னிரண்டு படி ஏறினால் அவனும் அவன் மனைவியும் இருக்கிற வீடு. பார்சல் வேன் ஓட்டினான். அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு கெட்ட பழக்கம் கிடையாது, டாங்கிதான். போர்க்களத்தில் ஓடுகிற பீரங்கி வண்டியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, ரிமோட்டில் ஓட்டுவது. பொம்மை என்று சொன்னால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். ‘மாடல்’ என்று சொல்ல வேண்டும்.

முதல் முறை டாங்கி வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். இவர் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். உள்ளே பல்சக்கரம் உலோகமா, பிளாஸ்டிக்கா என்று பார்க்க வேண்டுமாம். கடைக்காரர் முடியாது என்றார். இவர் ஒரு மணி நேரம் அசையாமல் நின்று கழற்ற வைத்தார். அதற்குள் தம்பி அலமாரியில் இருந்ததிலேயே பெரிய, நீளமான பீரங்கி வைத்த ‘டைகர்’ ரக டாங்கி ஒன்றைத் தூக்கிக் கொண்டுவந்துவிட்டான்.

“உள்ள எல்லாம் பிளாஸ்டிக்டா. ஆறு மாசத்துல தேஞ்சிடும்” என்றார் இவர்.

“மூஞ்சி பிடிச்சுதுன்னா போதும்ணே. ஈரலைப் பாத்துட்டா கல்யாணம் பண்றாங்க?” என்றான் அவன்.

டாங்கிக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற இடது பட்டைக்கு ஒரு மோட்டார், வலது பட்டைக்கு ஒரு மோட்டார். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் நேராகப் போகும். ஒன்று சோம்பினால் அந்தப் பக்கம் திரும்பும். தம்பியின் டாங்கி பெட்டியிலிருந்து எடுத்த அன்றே கோணலாகத்தான் ஓடியது. “கொண்டா, பிரிச்சுப் பாக்கறேன்” என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்க, “என் டாங்கில கை வெக்காதே” என்று தம்பி பிடிவாதம் பிடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழாய்ப் போனது. அடுத்த வாரம் அது நேராக ஓடியது. என்ன செய்தான் என்று அண்ணனிடம் சொல்லவில்லை. அவன் சுபாவம் அப்படி. அண்ணனைச் சங்கடப்படுத்துகிற எதையும் சத்தமில்லாமல் தானே முடித்துக்கொள்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி இவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

இவருடைய டாங்கிக்கு ஒரு உயர்ந்த ரக கியர்பாக்ஸ் வரவழைத்திருந்தார். இரண்டு மாதம் காத்திருந்து அன்று காலையில்தான் பார்சல் வந்தது. கடையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, மேஜைமேல் துணி விரித்து, பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தம்பி வேனோடு வந்து வாசலில் நின்றான்.

“அண்ணே, இடது பக்கம் இழுக்குது.”

“நாளைக்கு வாடா. கையெல்லாம் கிரீஸ்.”

“சரிண்ணே.”

புதன்கிழமை அவன் வரவில்லை. இவரும் ஒரு போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நேரான சாலையில், எதிரில் ஒரு சைக்கிள்கூட இல்லாதபோது, வேன் இடது பக்கம் ஒதுங்கிப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிரேக் போட்ட சத்தமே கேட்கவில்லை என்றார்கள்.

“நான்தான் கொன்னேன்” என்றார் இவர். “மேல இருக்கறவளுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணிக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் இருந்த நிலையில் வேறு என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஒரு மாதம் கழித்து என் ஓர்ப்படி, தம்பியின் மனைவி, டைகரையும் ரிமோட்டையும் கீழே கொண்டுவந்தாள். “மேல சும்மா கெடக்குது மாமா. நீங்க ஓட்டினா அவருக்கும் பிடிக்கும்” என்று வைத்துவிட்டுப் போனாள். இவர் அன்றே தன்னுடைய டாங்கியைப் பிரித்து, அந்தப் புது கியர்பாக்ஸைக் கழற்றி, தம்பியின் டாங்கியில் பொருத்தினார். எந்தச் சாமானுக்காகத் தம்பியைத் திருப்பி அனுப்பினாரோ, அது தம்பிக்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. கூடத்துத் தரையில் வைத்து ரிமோட்டின் ஸ்டிக்கை முன்னால் தள்ளினார்.

டாங்கி இடது பக்கம் போனது.

மறுபடி வைத்தார். மறுபடியும் இடது. மெதுவாக வளைந்து, இடது பக்கச் சுவரில் முட்டி நின்றது. இவர் முகத்தில் ரத்தம் இல்லை.

“இது நேரா ஓடட்டும்” என்றார். “அன்னிக்கு மேல போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

அப்படி ஆரம்பித்தது. முதலில் பட்டையை மாற்றினார், பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு இரும்பு. இரும்பின் எடை தாங்காமல் அதை இழுக்கிற பல்சக்கரம் உடைந்தது. அதையும் உலோகத்தில் வாங்கினால், தாங்குகிற அச்சு வளைந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அச்சுக்கு பேரிங், சக்கரங்களுக்கு ஸ்பிரிங், பிறகு ஒரே அளவாக ஓடுகிற இரண்டு மோட்டார்களைப் பத்துப் பன்னிரண்டில் இருந்து சோதித்துப் பொறுக்கினார். கடைசியாக உள்ளே இருந்த எலெக்ட்ரானிக் போர்டு. புது போர்டு எல்லாமே கூடவே ஒரு புது ரிமோட்டோடு வரும். இவருக்கு அது வேண்டாம். தம்பியின் பழைய ரிமோட்டோடு சேர்கிற போர்டுதான் வேண்டும் என்று ஐந்து மாதம் தேடினார். ஒவ்வொன்றும் மாற்றி முடித்துத் தரையில் வைப்பார். பழைய குருடி கதவைத் திறடி என்று அது இடது பக்கமே போகும்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும், அதனால் எதையும் அளவாகப் பார்த்தே பழகிய கண். ரிமோட்டில் ஸ்டிக்குக்குக் கீழே ‘டிரிம்’ என்று ஒரு சின்னத் துண்டு உண்டு, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தள்ளிச் சரிக்கட்ட. தள்ளினால் டிக் டிக்கென்று நகரும். அது நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருந்ததை நான் ஒரு நாள் பார்த்துவிட்டு, “ஏங்க, இது கோணலா இருக்கே” என்று விரலை நீட்டினேன்.

“தொடாதே” என்றார். அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. “அவன் விரல் வெச்ச எடம்.”

அலைன்மென்ட்காரருக்கு டிரிம் தெரியாதா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அது நேராக ஓடினால் மேலே போய்ச் சொல்லியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு படியை ஏற அவருக்குத் தைரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஞாயிறு மதியம்தான் ஓட்டுவார். அந்த டாங்கிக்கு உள்ளே ஸ்பீக்கர் உண்டு. சுவிட்சைப் போட்டதும் நிஜ இஞ்சின் மாதிரி இருமி, உறுமி, நடுக்கத்தோடு நிற்கும். அந்தச் சத்தம் எழுந்ததும் மேலே ஓர்ப்படியின் தையல் மெஷின் நின்றுவிடும். இங்கே டாங்கியை அணைத்தால்தான் அங்கே மெஷின் ஓடும். நான்கு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. கீழே இவர், மேலே அவள், நடுவில் நான். செத்துப்போனவன் வாரத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கிளப்புவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். இடது பக்கச் சுவரில் நான்கு விரல் உயரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு தழும்பு விழுந்திருக்கிறது. இரண்டு முறை வெள்ளை அடித்தும் மறுபடி விழுந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாங்கி உறுமியது, மெஷின் நின்றது. பிறகு படியில் செருப்புச் சத்தம். ஓர்ப்படி தன் மூக்குக் கண்ணாடியை இரண்டு துண்டாகக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“திருகாணி விழுந்துடுச்சுக்கா. ஊசில நூல் கோக்க முடியல.”

டாங்கி ஓடுகிற நேரத்தில் அவள் வந்ததே இல்லை. இவர் விறைத்துப் போனார். ஆனால் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார். டாங்கி வளைந்து வளைந்து போய்ச் சுவரில் முட்டியது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

“ஏன் மாமா இப்படிப் போவுது?”

“தெரியலம்மா. எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

அவள் குனிந்து இவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். “இதை அவர்தான் மூணு கிளிக் இடது பக்கம் தள்ளி வெச்சாரு. அப்ப இது வலது பக்கமா ஓடும். அண்ணன்கிட்ட சொன்னா பிரிச்சுப் போட்ருவான்னு, நீங்க இல்லாதப்ப சரி பண்ணிக்கிட்டாரு. இப்பதான் உள்ள இருந்த கோளாறே இல்லையே.”

நான் திருகாணியைத் தேடுகிற சாக்கில் என் திருகாணிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“எதையுமே அப்படித்தானே முடிப்பாரு” என்றாள் அவள், தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி. “வேனைக்கூடக் கடைசியா அப்படித்தானே.”

“வேனா?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஆனால் வாய்விட்ட பிறகு எங்கே ஒளிப்பது.

“அவர் சொல்லக் கூடாதுன்னாரு மாமா. நீங்க நாளைக்கு வரச் சொன்னீங்க இல்ல, மறுநாள் காலைல தூரமா டெலிவரி இருந்துது. அன்னிக்குச் சாயந்திரமே பெட்ரோல் பங்குக்கு எதிர்ல இருக்கற கடைல குடுத்துச் சரி பண்ணிட்டாரு. சொந்த அண்ணன் கடை இருக்கும்போது வேற கடைக்குப் போனேன்னு தெரிஞ்சா அவன் மனசு கஷ்டப்படும், சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

நான்கு வருஷம். பன்னிரண்டு படி. மேலே ஒரு சத்தியம், கீழே ஒரு சத்தியம். எங்கள் இரண்டு பேர் வாயையும் தைத்துவிட்டு, அண்ணனும் தம்பியும் ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திருகாணிப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அவள் மேலே போய், தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தைக் கொண்டுவந்தாள். அலைன்மென்ட் முடிந்ததும் இயந்திரம் அச்சடித்துத் தருகிற அறிக்கை. தேதி, அந்தச் செவ்வாய்க்கிழமை. நேரம், மாலை ஆறே கால். ஒரு பக்கம் சரி செய்வதற்கு முன் இருந்த எண்கள், முன் இடது சக்கரம் சிவப்பு. மறுபக்கம் சரி செய்த பிறகு, எல்லாம் பச்சை. இவர் ஒவ்வொரு எண்ணிலும் விரலை வைத்துப் படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தார். அந்தக் கடைக்காரரை இவர் வாயால் ஒரு நாளும் நல்லவிதமாகச் சொன்னதில்லை.

“நல்லாத்தான் பண்ணியிருக்கான்” என்றார்.

பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். “நான்தான்மா அன்னிக்கு அவனைத் திருப்பி அனுப்பினேன். கையில இந்தக் கியர்பாக்ஸை வெச்சுக்கிட்டு.”

“தெரியும் மாமா. வந்து சொல்லிச் சிரிச்சாரு. பார்சல் வந்துடுச்சு, இன்னிக்கு எங்க அண்ணன் ஆளு சிக்க மாட்டான்னு.”

சிரித்தானாம். அதைக் கேட்டதும் இவர் ரிமோட்டை எடுத்தார். கட்டைவிரலை டிரிம்மில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். டிக். டிக். டிக். டாங்கியைச் சுவரோரத்திலிருந்து எடுத்து நடுவில் வைத்து, ஸ்டிக்கை முன்னால் தள்ளினார். டாங்கி கூடத்தின் நடுவாக, தரைக் கல்லின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நேராக எதிர்ச் சுவர் வரை போய் நின்றது. நான்கு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் பார்த்தபோது சந்தோஷப்பட முடியவில்லை.

ஏனென்றால் இவர் அந்தக் காகிதத்தை மறுபடி கையில் எடுத்திருந்தார்.

“வண்டி நேரா இருந்திருக்கு” என்றார். “அப்புறம் ஏன்மா அவன் அந்தப் பக்கம் போனான்?”

இத்தனை நாளும் இவரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. அவரைத் தின்றுகொண்டிருந்தாலும் அது ஒரு பதில். இப்போது அதுவும் போய்விட்டது.

ஓர்ப்படி கண்ணாடி இல்லாத கண்ணால் இவர் முகம் இருக்கிற திசையைப் பார்த்தாள்.

“நாலு வருஷமா நான் அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன் மாமா. கேட்டா இந்தப் பேப்பரைக் காட்டணுமேன்னுதான் கேக்கல. உங்க தொழில் இல்லையா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

எதிர்ச் சுவரோரம் டாங்கி உறுமிக்கொண்டே நின்றது. அதை அணைக்க எங்கள் மூன்று பேரில் யாருக்கும் கை வரவில்லை.