வாயைக் காட்டிச் செய்த சமாதானம்

மார்பில் கட்டி என்று போனவளிடம் "வாயைத் திறங்க" என்றால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை என்று காசிமேட்டு மீன் ஏலக் களத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போன போட்டுகள் வந்து சேர்ந்ததும் கூடைகளுக்கு நடுவில் நின்று ஏலம் விடுவது என் தொழில். என் குரல் கல்மண்டபம் வரைக்கும் கேட்கிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இன்றைக்கும் கேட்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் எனக்காகப் பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியைச் சோதித்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்று சொன்னார்கள். முதலில் ஊசி மருந்து, அப்புறம் ஆபரேஷன் என்றார் டாக்டர். அழவில்லை என்று சொன்னால் பொய். பஸ்ஸில் ராயபுரம் வரும்வரை அழுதேன். இறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருத்தி மணலி ஆலைப் புகை என்றாள், இன்னொருத்தி எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் என்றாள், பக்கத்து வீட்டுக்காரி கண்ணேறு என்றாள். பல்லைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தடவை போனபோது அந்த டாக்டர், "ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்றார்.

"கட்டி இங்க கீது சார். பல்லுல இன்னா கீது?"

"அதைத்தான் அவங்க பாத்துச் சொல்லணும்" என்று சிரித்தார். சிரிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? போனேன்.

பல் டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. என் வாயைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வெளியே எடுத்ததும் ரத்தம் வழிந்தது.

"எத்தனை நாளா இப்படி ரத்தம் வருது?"

"அது ஆச்சு, வருசக்கணக்கா வருது. கெட்ட ரத்தம்தான டாக்டரம்மா? வெளில போவுறது நல்லதுதான?"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் களத்தில் காலையில் வாய் கொப்பளிக்கும்போது சிவப்பாகத் துப்பினால், "கெட்ட ரத்தம் போவுது, வுடு" என்பார்கள். ஈறு வலித்தால் அந்த இடத்தில் ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கொள்வோம். மரத்துப்போகும், வலி தெரியாது, ஏலம் நடக்கும். ஈறு வீங்காத நாள் எது என்று கேட்டால் எனக்கே தெரியாது. அதை ஒரு நோய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

"ரத்தத்துல கெட்டது நல்லதுன்னு கிடையாதும்மா. ஈறுக்கு அடியில கிருமி குடியிருக்கு. அதோட சண்டை போட உங்க உடம்பு அங்க ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கு. அந்தச் சண்டையில வர்ற ரத்தம் இது" என்றார் அவர். அப்புறம், "ஊசி போடுற நாள்ல கூட இருக்க வீட்டுல பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"வூட்டுக்காரு கடலுக்குப் பூடுவாரு. புள்ள மணலில டேங்கர் லாரி ஓட்டுறான்."

"அண்ணி, நாத்தனார் யாரும் இல்லையா?"

"நாத்தனாருன்னு எனக்கு யாரும் கெடயாது" என்றேன்.

இருந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. களத்தில் எனக்குப் பக்கத்திலேயே நின்று ஏலம் விடுகிறவள். போன மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் முதல் தடவையாக மீனோடு திரும்பிய காலையில், தூணுக்குப் பக்கத்தில் நான் எப்போதும் நிற்கும் இடத்தில் தன் கூடைகளை இறக்கிவிட்டாள். அங்கே நிழல் உண்டு, வியாபாரிகள் முதலில் வருவதும் அங்கேதான். நான் கத்தினேன், அவள் அதற்கு மேல் கத்தினாள். மொத்தக் களமும் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. களத்துக் காவல்காரரும் அங்கேதான் நின்றார். சண்டை ஓய்ந்து நான் திரும்பிப் பார்த்தால், மறுகோடியில் வைத்திருந்த என் வஞ்சிரக் கூடையைக் காணோம். நீதான் ஆள் வைத்துத் தூக்கினாய் என்றேன். "தூ, ஓன் மீனு எனக்கெதுக்கு" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

நாற்காலியில் சாய்ந்தபடி, "இந்த ஈறுதான் என் கட்டிக்குக் காரணமா? பட்டுனு சொல்லு" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஆத்திரத்தில் யாரையும் நீ என்றுதான் பேசுவேன்.

"அப்படி நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் உறுதியாத் தெரியாது. உடம்புல புத்து செல்லைத் தேடி அழிக்கிற காவல்காரங்க இருக்காங்க. ஈறுல வருசக்கணக்கா புண்ணு இருந்தா அவங்க அந்தச் சண்டையிலேயே களைச்சுப் போறாங்களோன்னு ஆராய்ச்சி பண்றாங்க. வாய்க் கிருமி ரத்தத்துல கலந்து போய் சில கட்டிகள்ல ஒட்டிக்கிட்டு, காவல்காரங்களைக் கிட்ட வரவிடாம பண்ணுதுன்னும் சொல்றாங்க. எல்லாம் இன்னும் முழுசா நிரூபணம் ஆகல. ஆனா ஒண்ணு நிச்சயம். ஊசி மருந்து உங்க காவல்காரங்களையும் சேத்துக் குறைச்சிடும். அப்போ வாயில இவ்வளவு சீழ் இருந்தா ஆபத்து. ஊசியை நடுவுலயே நிறுத்த வேண்டி வரலாம்."

நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்காத பேச்சு. எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. அவர் சொன்னது புரிந்தும் போயிற்று. ஒரு மூலையில் சண்டை நடந்துகொண்டிருந்தது, காவல்காரர் அங்கேயே நின்றார், மறுகோடியில் கூடை போயிற்று. இதைப் புரிந்துகொள்ள நான் படித்திருக்க வேண்டியதில்லை, அந்தச் சண்டையைப் போட்டவளே நான்தான்.

"இன்னா பண்ணணுமோ பண்ணு" என்று வாயைத் திறந்தேன்.

ஈறுக்கு அடியில் இருந்ததையெல்லாம் சில தடவை வரவழைத்துச் சுரண்டி எடுத்தார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கித் தையல் போட்டார். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, "கொஞ்ச நேரம் பேசக் கூடாது. புகையிலை இனிமே கிடையவே கிடையாது. புண்ணு ஆறினாத்தான் ஊசி" என்றார். பேசக் கூடாது என்றதுதான் பெரிய தண்டனை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நாத்தனார்.

எங்கள் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்ட இருவரில் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஒருத்தி போய்த் தன் சுருக்குப்பையைத் திறந்து நீட்டுவாள். மற்றவள் அதிலிருந்து ஒரு கிள்ளுப் புகையிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் சண்டை முடிந்தது. எடுக்காவிட்டால் உறவு முடிந்தது. சாவு வீட்டுக்குக்கூடப் போக மாட்டார்கள். அப்படிப் பேச்சை விட்டவர்கள் ஒரே களத்தில் கிழவிகளாகி, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேரும்வரை பேசாமலே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் இடுப்பிலிருந்து பையை எடுத்தாள், திறந்தாள், நீட்டினாள். என் நோயைக் கேள்விப்பட்டு அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"இந்தா அண்ணி" என்றாள்.

இத்தனை மாதமாக அவள் வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன். இவள் கூட இல்லாமல் அந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கை தானாகப் பைக்குப் போயிற்று. நாக்கு தையலைத் தொட்டது. கையை இழுத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "சரி அண்ணி. ஒனக்கு இன்னும் ஆறல" என்றாள். பையைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாள்.

கூப்பிடப் பார்த்தேன். வாய் நிறையப் பஞ்சு. கல்மண்டபம் வரைக்கும் கேட்கும் குரல் கட்டிலிலிருந்து வாசல் வரை போகவில்லை. அவள் செருப்பை மாட்டிவிட்டாள். டாக்டரம்மா சொன்னது சொன்னதாக இருக்கட்டும் என்று பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வாயை அகலமாகத் திறந்து காட்டினேன்.

"ஐயோ, இன்னா அண்ணி இது, ரத்தமா கீது!"

"பல்லு புடுங்கிக்கீறாங்க. போயிலை ஆவாது. ஓம் மேல இன்னாடி கோவம் எனக்கு?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பஞ்சைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ரத்தம் நின்ற பிறகு, டாக்டரம்மா சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "எனக்கும்தான் தெனம் வருது. கெட்ட ரத்தம் போனா நல்லதுதான?" என்றாள்.

"அன்னிக்கு என் வஞ்சிரக் கூட போச்சே, அப்ப காவக்காரன் எங்க நின்னுகினு இருந்தான்?"

"நம்மாண்டதான்."

"ஏன்?"

"நாம சண்ட போட்டுகினு இருந்தோம்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப கூடைய நான் எடுக்கல, தெரிதா?" என்றாள்.

"தெரிது. வாயத் தொற."

"சீ, கலீஜா இருக்கும் அண்ணி."

"என்னுது மட்டும் இன்னா மணந்துச்சா? தொறடி."

திறந்தாள். என் வாயைவிட மோசம். எனக்கு வந்த பயத்தை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. கட்டியைப் பற்றிச் சொன்ன நாளில்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

அடுத்த வாரம் தையல் பிரிக்கப் போனபோது அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். ஏலம் முடித்த கையோடு வந்தாள், சேலையில் மீன் வாடை. அவளை நாற்காலியில் உட்கார வைத்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"நாத்தனார்னு யாரும் இல்லேன்னீங்களே. இவங்க யாரு?"

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க நாத்தனாரு. ஊசி போடுற அன்னிக்கெல்லாம் இவதான் என் கூட குந்தப் போறா. புடுங்கறது எதுனா இருந்தா இப்பவே புடுங்கிடு. நான் ஊசி போட்டுகினு கெடக்கறப்ப என் கூடையையும் சேத்து இவதான் ஏலம் வுடணும்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் களத்துப் புத்தி எட்டிப் பார்த்தது.

"அப்ப அந்தத் தூணாண்ட எடம் எனக்கா, அண்ணி?"

"நான் திரும்பி வர்ற வரிக்கும்தான்" என்றேன்.