நான் எடுக்காத மஞ்சள் தாள்

நான் வாக்குப் போடவில்லை. போட்டேன் என்று பொய் சொன்னேன். மறந்துபோய் அல்ல... வேண்டுமென்றே போடவில்லை!

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்பீர்கள். பொறுங்கள், முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் இருக்கிறேன். கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துப்புரவாக்குவது என் வேலை. பத்திரங்களுக்கும் விண்ணப்பத்துக்குமாகப் பதினேழு வருடம் காத்திருந்து இத்தாலியக் குடியுரிமை பெற்றவள். நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த அன்று, கோயிலுக்குப் போவதுபோலச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

பிறகு அந்தப் பொதுவாக்கெடுப்பு வந்தது. பல கேள்விகள், பல நிறத் தாள்கள். மஞ்சள் தாளில் இருந்தது எங்கள் கேள்வி. வெளிநாட்டவர் குடியுரிமை கேட்பதற்குப் பத்து வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியை ஐந்தாகக் குறைக்கலாமா?

கீழ்மாடியில் இருக்கும் ரெஜினா இங்கே வந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. என்னைப் போலவே மன்னார்க்காரி. கணவனுக்குச் சியாகுல்லியில் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. மகள் அனிற்றாவுக்குப் பதினைந்து வயது. அவளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் தாய்க்குக் குடியுரிமை கிடைத்தால் மகளுக்கும் கூடவே கிடைத்துவிடும். வகுப்புப் பிள்ளைகள் லண்டனுக்குச் சுற்றுலா போனபோது, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா கிடைக்காமல் வீட்டில் நின்றவள் அந்தப் பிள்ளை.

"அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஆக்களில உங்களுக்குத்தான் இஞ்சை வோட்டு இருக்கு. பிள்ளைக்காகப் போடுங்கோ" என்றாள் ரெஜினா.

"இதென்ன கேள்வி! போடுவன்தானே" என்றேன்.

வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. என் சின்னவனுக்குக் காய்ச்சல். கணவர் வேலைக்குப் போய்விட்டார். ரெஜினா பூசைக்குக்கூடப் போகாமல் மேலே ஏறி வந்தாள். "நான் பாக்கிறன். நீங்கள் ஆறுதலாப் போட்டிட்டு வாங்கோ."

வாக்காளர் அட்டையோடு வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட வாசல் வரை போனேன். அங்கே நின்றேன்...

முதல்நாள் சிஞ்ஞோரா கோப்பி குடித்தபடி சொல்லியிருந்தாள்: எதிர்ப்பவர்கள் போய் 'வேண்டாம்' என்று போடத் தேவையில்லை, வாக்காளரில் பாதிப்பேர் வராவிட்டால் வாக்கெடுப்பே செல்லாது, அது தானாகவே விழுந்துவிடும் என்று. ஆகவே திரும்பி நடந்தால் என்ன பொருள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பழியை அவள் தலையில் போட எத்தனையோ நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. அவள் என்னைத் தடுக்கவில்லை.

என்னைத் தடுத்தது என் வயிற்றெரிச்சல்! நிறைமாத வயிற்றோடு மழையில், வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. எனக்காக யார் ஒரு நாளாவது குறைத்தார்கள்? இந்த ரெஜினாவுக்கு மட்டும் ஐந்தா? சீ... என்ன நெஞ்சு எனக்கு! வைக்கோற்போர் நாயாவது தானும் தின்னாது. நானோ வயிறாரத் தின்றுவிட்டுக் குறுக்கே படுத்தேன்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் எலுமிச்சை கிரனீத்தா என்ற பனிக்கூழ் வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ரெஜினா என் மகனின் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சோ அக்கா?"

"ஓம், போட்டாச்சு."

என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்... வாக்குச்சாவடிப் பென்சிலைப் பிடிக்காத அந்தக் கையை!

பாதிப்பேர் வரவில்லை. அந்தக் கேள்வி விழுந்துபோயிற்று. உன் ஒரு வாக்கால் என்ன ஆகியிருக்கும் என்பீர்கள். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் ரெஜினா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தானே?

அடுத்த ஞாயிறு கோயில் வளவில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சிற்றிசன் எடுத்த எங்கட ஆக்கள் ஒருத்தரும் போகேல்லை. தங்கட அலுவல் முடிஞ்சுதுதானே!"

ரெஜினாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறியாமல் கதைக்காதேங்கோ! அக்கா போனவா. நான்தான் பிள்ளையைப் பாத்தனான்."

எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சில்லறைப் பாவங்களையெல்லாம் சொன்னேன். இதை மட்டும் விழுங்கிவிட்டேன். சொன்னால், ரெஜினாவிடம் போய் மன்னிப்புக் கேள் என்பார் பாதர். அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

போன கிழமை அனிற்றா மேலே வந்தாள், சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க. வளர்ந்துவிட்டாள்.

"அன்ரி, அம்மாவுக்குக் கிடைக்கேக்கை எனக்குப் பதினெட்டுத் தாண்டியிடும். நான் தனியா எழுதிப்போட்டு இன்னும் கனவருசம் நிக்கவேணும்" என்றாள். பிறகு அவளே என்னைத் தேற்றுவதுபோலச் சிரித்தாள். "எனக்கு வோட்டுக் கிடைச்சால் நானும் உங்களை மாதிரித்தான். பிறகு வாற ஆக்களுக்காகக் கட்டாயம் போய்ப் போடுவன்."

"ஓம் பிள்ளை... போடு" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.