தலையிடிக்கு என்று எழுதியிருந்த குளிசை

அந்தப் பேச்சுக்கு எங்கள் முன்னறைப் பாயில் வாப்பா இருந்தார், உம்மா இருந்தா, சாய்ந்தமருதிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயும் தாயின் அண்ணனான காக்காவும் இருந்தார்கள், நான் இருந்தேன். மாப்பிள்ளை வரவில்லை; அது வழக்கம். என் அக்கா, ராத்தாவும் அங்கே இல்லை. கலியாணம் அவளுக்குத்தான். அவள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நனைத்த துணியால் தலையை இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தாள்.

என்னை இருத்தியது, ஏதும் எழுத வாசிக்க வந்தால் உதவும் என்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்த வருடம்தான் வாத்தியார் வேலையும் கிடைத்திருந்தது. மருதமுனையில் மற்ற வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் தறிதான் சோறு போட்டது. வாப்பா ஒரு தறியில், ராத்தா ஒரு தறியில்.

"புள்ள எங்க?" என்று கேட்டா மாமி. மாப்பிள்ளையின் தாயை அப்படித்தான் கூப்பிட்டோம்.

"குளிக்கப் போயிரிக்கா" என்றா உம்மா.

அந்த நேரம் பார்த்துப் பின்னறையிலிருந்து ராத்தா ஓங்காளிக்கும் சத்தம் வந்தது.

"குளிக்கிற சத்தம் இப்பிடியா கா கேக்கும்?" மாமியின் புருவம் மேலே போனது. கன்னிப் பெண் வாந்தியெடுத்தால் மாமிமாரின் மனம் எங்கே போகும் என்று உம்மாவுக்குத் தெரியாதா? மானம் போவதைவிட நோய் வெளிவருவது மேல் என்று, "தலையிடி மச்சி, வெறும் தலையிடி! வந்தா வாந்தியும் வரும். அல்லா மேல ஆணை, வேற ஒண்டுமில்ல" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டா.

மாமி நம்பினா. நம்பியதுதான் வினை. "எண்ட மகன் வந்து இரிக்கப்போற வீட்டில எந்த நாளும் தலையில துணி கட்டின பொண்டாட்டியா?" காக்காவும் தங்கையும் வாசலில் நின்று குசுகுசுத்தார்கள். பிறகு முடிவு வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வந்து பார்ப்பார்களாம். பிள்ளைக்குச் சுகம் என்றால் பேசிய பேச்சே பேச்சு. சுகமில்லையென்றால் மாப்பிள்ளைக்குப் பேசிய கைக்கூலிப் பணத்தில் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கவேண்டும்.

ஐந்நூறு என்றால் சம்மாந்துறைப் பக்கம் வாப்பா வாங்கிப் போட்ட அரை ஏக்கர் வயல். தறிக்கு வெளியே எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அது.

ராத்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலையிடி உண்டு. முன்பு மாதத்தில் ஒருதரம் வரும், ஒருநாள் படுப்பாள், எழும்புவாள். கல்முனைக் கடைகளில் தலையிடி மாத்திரையான வெள்ளைக் குளிசை மலிந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவளில் இரக்கம் காட்ட ஒரு வழி கிடைத்தது. வாப்பா நூல் வாங்கப் போனால் குளிசையோடு வருவார். நானும் வாங்கி வந்திருக்கிறேன். முதலில் இடித்த நாளில் போட்டாள். பிறகு, இடிக்கும் போலிருந்த நாளிலும் போட்டாள். கடைசியில் பிளேன்டீயும் குளிசையும் போட்டுக்கொண்டுதான் காலையில் தறியில் இறங்கினாள். அதே காலத்தில்தான் மாதத்தில் ஒருதரம் வந்த இடி வாரத்தில் நாலு நாள் வரத் தொடங்கியது. இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. இடி கூடுவதால் குளிசை கூடுகிறது என்றே நினைத்தோம்.

நோன்பு வந்தது. முதல் நாள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு, பகலில் போட முடியாதே என்று ராத்தா இரண்டு குளிசையைச் சேர்த்து விழுங்கினாள். வயிறு எரிந்து தின்றதெல்லாம் வெளியே வந்தது. அன்று முழுவதும் வெறும் வயிற்றோடு நோன்பு பிடித்தாள். "நோன்பு முடியுமட்டும் இந்தச் சனியன் எனக்கு வேணாம்" என்று சொன்னவள், இரவிலும் அதைத் தொடவில்லை.

அடுத்த சில நாட்கள் பார்க்கச் சகிக்கவில்லை. சுவரோடு தலையை முட்டிக்கொண்டு கிடந்தாள். "நோயாளிக்கு நோன்பு கடமையில்லடி, உட்டுட்டு ஒண்டப் போடு" என்று பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து சொன்னார்கள். அவள் பிடிவாதக்காரி. நோன்பு பாதிக்கு வருமுன் இடி தணிந்தது. பிறகு நின்றேவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு அவள் நெய்த சாரனைத்தான் நான் உடுத்தேன்.

"நோன்பிட பரக்கத்" என்று அந்த அருளுக்கு நன்றி சொன்னா உம்மா. வீடு குளிர்ந்தது, வயல் தப்பியது என்று வாப்பா சிரித்தார்.

ஆனால் உம்மாவுக்குப் பயம் போகவில்லை. சம்பந்தக்காரர் வரும்போது இடி திரும்பிவிடுமோ என்று, பெருநாள் கழிந்த கையோடு தினமும் விடிய ஒரு குளிசையைத் தன் கையாலேயே ராத்தாவுக்குக் கொடுத்தா. போகப்போக இரண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நனைத்த துணி மறுபடி தலையில் ஏறிவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். இரண்டு கணக்குக்கு இரண்டு விடை வந்தால் எங்கே வித்தியாசம் என்று வரி வரியாகப் பார்ப்பது என் தொழில். நோன்பு மாதத்தில் ராத்தா அரைத் தூக்கம் தூங்கினாள், பகலில் தண்ணீர் குடிக்கவில்லை, அதே தறியில் அதே வெயிலில் நெய்தாள். அவளுக்கு இடி கூடியிருக்க வேண்டும். குறைந்தது. அந்த மாதத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று.

வீட்டார் சோறு தின்னும்போது சொன்னேன்: "இந்தக் குளிசைதான் ராத்தாட தலையிடியக் கூட்டுது."

வாப்பா கையை உதறிவிட்டுப் பெட்டியை எடுத்து என் மடியில் போட்டார். "இங்கிலீசு படிச்ச வாத்தியார், இதில என்ன எழுதிக் கிடக்கு? வாசி."

"தலையிடிக்கு."

"தலையிடிக்கு எண்டுதானே கிடக்கு? தலையிடி தரும் எண்டு எந்த மூலையில கிடக்கு, காட்டு பாப்பம்!"

உம்மாவும் சிரித்தா. "நோன்பிட பரக்கத்தையும் இவன் இல்லையெண்டுவான் போல."

"பரக்கத்த நான் இல்லையெண்டு சொல்லல்ல உம்மா. அது குளிசைய நிப்பாட்டின வழியாத்தான் வந்தது எண்டுறன்."

ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. "அவன் சொல்றது சரி. போட்டா அண்டைக்கு நிக்கும், அடுத்த நாள் கூட்டிக்கிட்டு வரும். எனக்குத் தெரியும்" என்றாள். அன்றே குளிசையை விட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் அது. முதல்தரம் பட்ட பாடு மறுபடியும் வந்தது. அது வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும், போகும் என்றும் தெரியும். ஆனால் பெருநாள் கழிந்து மூன்றாம் நாளே மாமியும் காக்காவும் வந்து இறங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பிந்தி வந்திருக்கலாம்.

பின்னறையில் உம்மா குளிசையும் தண்ணீருமாக நின்றா. "ஒண்டே ஒண்டு போடு கா. கொஞ்ச நேரம் சிரிச்சிக்கிட்டு இரி. வயல் மிஞ்சும்."

"இண்டைக்கு வயல் மிஞ்சும் உம்மா. எண்ட தலை மிஞ்சாது."

உம்மா என்னைப் பார்த்தா. நான் குளிசையை வாங்கி என் சட்டைப்பையில் போட்டேன்.

ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "மாமி, எனக்கு இப்பவும் தலை இடிக்கிது. குளிசைய உட்டதால இடிக்கிது. இன்னும் கொஞ்ச நாளையில நிக்கும்."

"நிண்டா நல்லம். நிக்காட்டி?"

"நிக்கும்."

காக்கா சிரித்துவிட்டார். "ஒளிச்சி வச்சித் தலையில கட்டாம நேருக்கு நேர சொல்லுதே புள்ள! தங்கச்சி, கொஞ்சம் இரங்கு."

"உண்மை கதைக்கிறது நல்லந்தான்" என்றா மாமி, வெற்றிலையை மடித்தபடி. "ஐந்நூறும் நல்லந்தான். சரி, காக்கா சொல்றதுக்காக உண்மைக்கு அம்பது கழிக்கிறன்."

அடுத்த கிழமை முடியுமுன் ராத்தாவின் தறிச் சத்தம் காலை முதல் பின்னேர அஸர் தொழுகை வரை நிற்காமல் கேட்டது. எல்லாருடைய தலையிடிக்கும் குளிசைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்தாவுக்கும் அது அடியோடு போகவில்லை. பழையபடி மாதத்தில் ஒருதரம் வருகிறது. அன்று ஒன்று போட்டுவிட்டுப் படுப்பாள், அடுத்த நாள் பெட்டியைத் தொடமாட்டாள். மாப்பிள்ளை எனக்கு மச்சானாகி எங்கள் வீட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் அவள் தலையில் துணி கட்டியதை எண்ணிச் சொல்லலாம், அவ்வளவு குறைவு. மாமியே ஒருநாள் என்னிடம், தனக்கும் தினமும் தலை இடிப்பதாகவும், தானும் குளிசையை விட்டுப் பார்க்கவா என்றும் கேட்டா.

அந்த ஒரு குளிசையை ராத்தா அன்று போட்டிருந்தால் வயல் எங்களோடு இருந்திருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை. வாப்பா அதை விற்றார். நிக்காஹ் அன்று அதே முன்னறைப் பாயில், பேசிய கைக்கூலிக்கு மேலாக அவர் எண்ணி வைத்தது நானூற்றைம்பது ரூபாய்.