கோட்டின் முதுகுப் பக்கம்

இடது கையின் இரண்டு விரல்கள் சிவப்பு வெல்வெட்டைக் கூட்டிப் பிடித்திருக்க, வலது கை பச்சைக் கம்பளி நூல் கோத்த ஊசியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. நல்ல கோட்டை நடு முதுகில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டு, அந்தக் கிழிசலையே தைத்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். அதுவும் ஒழுங்காக இல்லை. முதல் தையல் நீளம், இரண்டாவது கோணல், மூன்றாவது இரண்டும் கெட்டான். குளிரில் கை நடுங்கும் ஒரு குடிகாரன் தைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. கோணலாகத் தைப்பது நேராகத் தைப்பதைவிடக் கஷ்டம். அதற்குள் மூன்று முறை பிரித்தாயிற்று. வாசலில் யார் நிழலாவது விழுந்தால் கைகள் சட்டென்று கோட்டைப் புரட்டி முன்பக்கத்தை மேலே வைத்தன.

அவை ஞானராஜின் கைகள். மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அவர் கடை. அப்பா பள்ளிக்கூடச் சீருடை தைத்தவர். கிறிஸ்மஸ் தாத்தா உடுப்பை மட்டும் ஞானராஜுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய சாமான் விற்கிறவனிடம் கிடைத்த ஒரு வெளிநாட்டுக் கோட்டைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பேப்பரில் வரைந்து, மறுபடி சேர்த்துக் கற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் அக்டோபர் பிறந்தால் டிசம்பர் இருபது வரை கடையில் சிவப்பைத் தவிர வேறு நிறம் இருக்காது. கிறிஸ்மஸுக்கு முன் வீடு வீடாகப் பாடிப் போகும் சபையின் கேரல் ரவுண்ட்ஸிலும் பதினோரு வருஷமாக அவர்தான் தாத்தா. லேபர் கேம்ப் குடியிருப்புச் சந்துகளில் பிள்ளைகள் பின்னால் ஓடிவரும் அந்த நாலு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் என்று ஒருமுறை மனைவி ஜெபாவிடம் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த ஆர்டர்தான் சரியில்லை.

மாஹிம் பக்கத்துக் கடைகளில் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் கலீலுல்லா, பத்து நாளைக்கு முன் ஒரு கவரைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். உள்ளே ஒரு தாள். அதில் ஒரு கார்ட்டூன் தாத்தாவின் முன்பக்கம் மட்டும் அச்சாகியிருந்தது. அடியில் பேனாவால் ஒரு வரி: ‘மீதி உங்களுக்கே தெரியும்.’

“யாரு குடுத்தது?”

“போன்ல பேசினாங்க அண்ணாச்சி. கவரைக் கடையில வச்சிட்டுப் போயிருந்தாங்க. பேரு சொல்லல.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“இருமிக்கிட்டே பேசுனாங்க, கண்டுபிடிக்க முடியல. என்ன அண்ணாச்சி, கோட்டுதானே தைக்கப் போறீங்க? பாஸ்போர்ட்டா குடுக்கப் போறீங்க?”

ஞானராஜ் சிரிக்கவில்லை. தாளில் இருந்த தாத்தாவை அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதுதான் பயம்.

அது கார்ட்டூன் படம்தான், ஆனால் பிள்ளைகளுக்கானது இல்லை. வேலை போன ஒரு கிறிஸ்மஸ் தாத்தா ஸ்டேஷன் பெஞ்சில் கிடக்கிறான். குடிக்கிறான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. கூடவே திரியும் கலைமான் பீடி குடிக்கிறது. பண்டிகைக்கு முந்தின நாள், வேறு ஆள் கிடைக்காமல் பழைய முதலாளிகள் இவனையே கூப்பிட்டு வேலையைக் கொடுக்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன் போனில் இந்தி வசனத்தோடு அது ஞானராஜின் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டார், காதில் இயர்போனோடு, கடையில் தனியாக.

முதல் இரண்டு தடவை பார்த்தது சிரிப்புக்காக. மூன்றாவது தடவையிலிருந்து கோட்டுக்காக. வரைந்தவர்களில் ஒருத்தனுக்காவது தையல் தெரியும் என்பது அவர் முடிவு. மற்ற கார்ட்டூன்களில் உடுப்பு என்பது உடம்பின் மேல் பூசிய சாயம். இதில் கோட்டுக்கு எடை இருந்தது. நனைந்தால் தொங்கியது. இடது பையில் எப்போதும் பாட்டில் இருந்ததால் இடது தோள் அரை விரற்கடை தாழ்ந்திருந்தது. பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் நடக்கும்போதும் அந்தத் தோள் தாழ்ந்தேதான் இருந்தது. துணி பழகிவிட்டதல்லவா. வேலிக் கம்பியில் மாட்டி முதுகு கிழிந்ததும், கோட்டைக் கழற்றி மடியில் போட்டு, நடுங்கிக்கொண்டே பச்சை நூலால் அவன் தைக்கும் காட்சி ஒரு நிமிஷம் வரும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவன் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. ஞானராஜ் அங்கே ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

ஒரே ஒரு குறை உண்டு. கடைசியில் ஸ்டேஷனில் கிடக்கும் ஒரு கைக்குழந்தையை அவன் பூப்போட்ட துணியில் சுற்றி எடுத்துப் போகிறான். அந்தத் துணி எங்கிருந்து வந்தது? இவ்வளவு கவனமாக வரைந்தவர்கள் இங்கே மட்டும் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்கு நாலு வருஷமாக மனத்தாங்கல்.

இதையெல்லாம் அவர் யாரிடமும் பேசியதில்லை. சபையில் தெரிந்தால் தாத்தா வேஷம் போய்விடும். அதற்கு ஆளும் தயாராக இருந்தான். ஜெபாவின் தம்பி சுதன், பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். “இந்த வருஷம் யூத்ல ஒருத்தரைத் தாத்தாவாப் போடலாம்னு கமிட்டியில பேச்சு இருக்கு அத்தான்” என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். சொன்ன பத்தாவது நாள் இந்தக் கவர்.

முன்பக்கத்தை மட்டும் தைத்துக் கொடுத்தால், கொடுத்த தாளைப் பார்த்துத் தைத்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். முதுகையும் தைத்தால் மாட்டினார். இது புரிந்துதான் வெறும் முதுகோடு கோட்டை முடித்து ஹேங்கரில் தொங்கவிட்டார். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் சரி, பை சரி. ஆனால் அது அந்தக் கோட் இல்லை. மூன்றாம் நாள் கத்திரியை எடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தையல் முடிகிற நேரத்தில் சுதன் வந்தான்.

“என்ன அத்தான், என்னைக் கண்டதும் கோட்டைப் புரட்டுதீய?”

“தூசி விழும்லா.”

“ஊதுனா போயிரப் போகுது.” சுதன் கோட்டை எடுத்துத் திருப்பினான். பச்சைத் தையலின் மேல் விரலை ஓட்டினான். போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.

“இது எதுக்குடே?”

“சும்மாதான். டென்ஷன் ஆகாதீய அத்தான்.”

அன்று சாயங்காலம் ஞானராஜ் ஜெபாவிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார். “உன் தம்பி போன்ல என்னதான் பாப்பான்?”

“நீங்க என்ன பாப்பீய?” என்றாள் ஜெபா. அவர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் கமிட்டி. திங்கட்கிழமை காலை கலீலுல்லா போன் செய்து, கோட்டுக்கு ஆர்டர் கொடுத்த பார்ட்டி பதினோரு மணிக்கு நேரிலேயே வருகிறது என்றார்.

பதினோரு மணிக்கு வந்தது கனகவள்ளி டீச்சர். ஞாயிறு பள்ளிக்குத் தலைவி. கமிட்டியில் அந்தம்மா சொன்னால் போதகரே மறுபேச்சுப் பேசமாட்டார். கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளின் ஆத்துமாவைப் பற்றி, போன வருஷம் மைக்கில் முக்கால் மணி நேரம் பேசியவர். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் ஞானராஜ்.

“ஷட்டரைப் பாதி இறக்குங்க தம்பி” என்றார் டீச்சர், லேசாக இருமிக்கொண்டு.

இருமல்! ஞானராஜ் ஷட்டரை இறக்கினார்.

டீச்சர் கோட்டை மடியில் விரித்து முதுகுப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். “நல்லாக் கோணியிருக்கு” என்றார். பிறகு உட்புறத்தைத் திருப்பினார். வெள்ளை சாட்டின் பளபளத்தது. “லைனிங் தப்பு.”

“தாள்ல லைனிங் இல்லியே டீச்சர்.”

“முதுகுந்தான் தாள்ல இல்ல.”

மெஷினின் சக்கரத்தை ஞானராஜ் பிடித்துக்கொண்டார்.

“சிம்னியில தலைகீழா மாட்டுவான்லா, அப்ப கோட்டு தலைவழியாக் கவுந்துரும். உள்ள பூராவும் பூப்போட்ட துணி. ஓடிப்போன பொண்டாட்டியோட நைட்டி. அதைக் கிழிச்சுத்தான் கடைசியில பிள்ளையைச் சுத்துவான்.”

“படத்துல சிம்னியே கிடையாதே” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. போனை எடுத்து அந்த இடத்தைக் காட்டினார். கூரை மேல் நிற்கிறவன் அடுத்த நொடி அடுப்பங்கரையில் நிற்கிறான். இந்தம்மா தன் வாயைக் கிளறுவதற்காகக் கதை கட்டுகிறாரோ என்று அவருக்கு ஐயம்.

“இந்தியில வெட்டிட்டான்” என்றார் டீச்சர், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த இடத்துல அவனுக்குக் கால்சட்டை கிடையாது தம்பி.”

செம்பூரில் மகன் வீட்டுப் பெரிய டிவியில் ஆங்கிலத்தில் பார்த்தாராம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடலாம் என்று, தாத்தா படம் இருந்ததை நம்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்தாவது நிமிஷம் அணைத்துவிட்டார்.

“அப்புறம்?”

“வீட்ல எல்லாரும் வெளியே போனதும் திரும்பப் போட்டேன். மறுநாளும்.”

ஞானராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு வருஷமாக அந்தப் படத்தின் மேல் வைத்திருந்த ஒரே குற்றச்சாட்டும் போய்விட்டது. அதன் சந்தோஷம் ஒரு பக்கம். இந்தம்மா தன்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார் என்ற எரிச்சல் ஒரு பக்கம்.

“நான் பாத்தேன்னு எப்படித் தெரியும்?”

“போன டிசம்பர்ல, லேபர் கேம்ப்ல படியில உக்காந்து பூட்ஸைக் கழத்தி உதறினீங்க. சரி. உதறிட்டு உள்ள மூக்கை விட்டு மோந்து பாத்து, ‘ம்’னு தலையாட்டினீங்க பாருங்க! அது அவன்லா. ஒரு வருஷமா உங்க மேல எனக்குச் சந்தேகம்.”

அப்படிச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை.

“சுதன் போட்டோ எடுத்தான் டீச்சர்.”

“நேத்து கமிட்டியில காட்டினான். அத்தானுக்குக் கண்ணு மங்கிட்டு, தையலைப் பாருங்க, தாத்தா வேஷத்தை எனக்குக் குடுங்கன்னான். பாவம், ஒண்ணும் தெரியாத பய. தையல் தெரியாதவன் தையலைப் பத்திப் பேசப்படாதுன்னேன். இந்த வருஷமும் நீங்கதான். போடப் போறது இந்தக் கோட்டு.”

“சபையிலயா? யாராவது கண்டுபிடிச்சிட்டா?”

“கண்டுபிடிக்கிறவன் எவனும் வாயைத் திறக்கமாட்டான். திறந்தா, அவனும் பாத்திருக்கான்.” டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார். “யாரு முழிக்கான்னு நான் பின்னால நின்னு பாத்துக்கிடுதேன்.”

அரை மணி நேரம் பூவைப் பற்றியே பேச்சு. மஞ்சள் பூ, நீல இலை, பூ ரூபாய் நாணயம் அளவு, துவைத்துத் துவைத்து வெளுத்த சாயம். ஞானராஜ் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வெள்ளை சாட்டினை முழுவதும் பிரித்தார். மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி அந்தத் துணியைத் தேடி எடுத்து, சலவை சோடா போட்டு ஐந்து முறை துவைத்து வெயிலில் காயவைத்தார். எதற்கு நைட்டித் துணி என்று கேட்ட ஜெபாவுக்கு ஆர்டர் என்று மட்டும் சொன்னார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை டீச்சர், வேஷ உடுப்புகள் வைக்கும் சபை அலமாரியின் சாவியோடு வந்தார். கோட்டை வாங்கக் கை நீட்டினார். ஞானராஜ் கொடுக்காமல் நிறுத்தினார்.

“நைட்டிதானே டீச்சர்? ஜன்னல் திரை இல்லியே?”

“நைட்டிதான். வேணும்னா ஞாயித்துக்கிழமை மத்தியானம் செம்பூருக்கு வாங்க, மகன் வீட்ல இருக்கமாட்டான்.”

அவர் டீச்சரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கதை கட்டுகிற முகமாகத் தெரியவில்லை. பிறகு கோட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுத்தார்.